வறண்ட வெளியில் பெட்டி தேடல்: பாதை மாறும் நாளுக்கான ஏற்பாடு

ஜியோகேச்சிங் என்பது ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை, அவர் கொடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்து இன்னொருவர் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. பெட்டிக்குள் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். கண்டவர் அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். சில பெட்டிகளில் சாவிக்கொத்து, பொம்மை, நாணயம் போன்ற சிறு பொருள்கள் கிடக்கும். ஒன்றை எடுப்பவர் அதற்கு ஈடாக ஒன்றை வைப்பது வழக்கம்.

இந்த விளையாட்டு பிறந்த நாளைத் துல்லியமாகச் சொல்லலாம். அமெரிக்க அரசு, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. அந்தக் கலப்பை 2000 மே 2ஆம் நாள் நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிய எண், ஒரே இரவில் பத்து, இருபது மீட்டருக்குள் வந்து நின்றது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒளித்துவைத்து அதன் எண்களை வெளியிட்டார். அந்த மாதக் கடைசியில் மாட் ஸ்டம் இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயரிட்டார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் அதற்கென ஓர் இணையதளம் தொடங்கினார்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெட்டிகள் மிக நெருக்கமாக உள்ளன. இந்தியாவில் அவை அரிது. ஆகவே இங்கே ஒரு நாள் பயணத்தில் இரண்டு, மூன்று புள்ளிகளுக்கு மேல் திட்டமிடுவது பயன் தராது. புள்ளிகளுக்கு நடுவே உள்ள நிலம்தான் பயணத்தின் பெரும்பகுதி. சென்னையை அடுத்த தண்டலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் கோடையில் போகிறவர்களுக்கு அந்த நிலம் பெரும்பாலும் நிழலில்லாத வெட்டவெளி. அப்படிப்பட்ட வெளியில் திட்டமிட்ட பாதை பாதியில் மாறும்போது என்ன செய்வது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

பாலைக்குத் தமிழ் மரபு தனி நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வெயிலில் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலையே பாலை. இந்தத் தொழிற்பேட்டைப் பகுதிக்கு அந்த வரையறை அப்படியே பொருந்துகிறது. கார்த்திகையில் அலையடிக்கும் ஏரி, சித்திரைக் கடைசியில் வெடித்த களிமண் வெளி. நீர் வற்றிய ஏரிப் படுகையில் ஒரு மரம்கூட இருக்காது. கரையிலிருந்து கரைக்கு ஒதுங்க இடம் கிடையாது. ராஜஸ்தானத்து மணலில் நடப்பவருக்குத் தேவையான அத்தனை எச்சரிக்கையும் பிள்ளைப்பாக்கம் ஏரிக்குள் மே மாதம் நடப்பவருக்கும் தேவை. ஊர் பக்கத்திலேயே இருக்கிறது என்ற நினைப்புதான் இங்கே கூடுதல் ஆபத்து.

எண்ணைச் சரிபார்த்தல்

பயணத்தில் நேரும் தவறுகளில் பாதி வீட்டில், எண்ணைப் பதிவுசெய்யும்போதே நேர்ந்துவிடுகின்றன. ஜியோகேச்சிங்கில் எண்கள் பாகை, தசம நிமிடம் என்ற வடிவில் தரப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, வடக்கு 13° 01.500' என்றால் 13 பாகையும் ஒன்றரை நிமிடமும். கைப்பேசி வரைபடங்களோ பெரும்பாலும் தசமப் பாகையைக் காட்டும். அந்த வடிவில் இதே இடம் 13.02500°. நிமிடத்தை மாற்றாமல் 13.01500° என்று அடித்தால் 1.1 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்க நேரும். 01.500 என்பதை 1 நிமிடம் 50 விநாடி என்று படித்தால் 600 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிவிடும். தொழிற்பேட்டைப் பகுதியில் 600 மீட்டர் என்பது மதில் சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்ற வேறுபாடு.

தண்டலம் அமைந்துள்ள 13 பாகை அட்சரேகையில் ஒரு நிமிட அட்சரேகை ஏறத்தாழ 1,843 மீட்டர். ஒரு நிமிடத் தீர்க்கரேகை ஏறத்தாழ 1,808 மீட்டர். கடைசித் தசம இலக்கம் ஒன்று மாறினால் தரையில் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே நகரும். கைப்பேசியின் துல்லியமே திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால், கருவி பத்து மீட்டருக்குள் என்று காட்டியதும் திரையை மறந்து கண்ணால் தேடத் தொடங்குவதே சரி.

நில அளவையோடு இந்தப் பகுதிக்குப் பழைய உறவு உண்டு. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில், பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் பணி அங்கிருந்து விரிந்தது. அந்த வழியில் உருவான பழைய நிலவரைபடங்களின் அடிப்படைக் கணக்கு வேறு, ஜிபிஎஸ் பயன்படுத்தும் கணக்கு வேறு. பழைய தாளிலிருந்து எடுத்த எண்ணை அப்படியே கருவியில் ஏற்றினால் இடம் தவறும்.

ஏரிப் படுகையின் இயல்பு

கருவியின் அம்பு பெட்டி இருக்கும் திசையை நேர்கோட்டில் காட்டும். நடுவில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தண்டலத்தைச் சுற்றி அந்த நடுவில் இருப்பது பெரும்பாலும் ஏரி. கிழக்கே செம்பரம்பாக்கம்; மேற்கிலும் தெற்கிலும் ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள், அவற்றுக்கிடையே எத்தனையோ ஊர் ஏரிகள். மேலே உள்ள ஏரிகள் நிரம்பி வழியும் நீர் கீழே செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. ஆகவே ஒன்றில் நிலைமை மாறினால் அடுத்ததிலும் மாறும்.

ஏரியின் அமைப்பை அறிந்தவருக்குப் பாதை மாற்றுவது எளிது. ஊர்ப் பக்கம் வளைந்து கிடப்பது கரை. கரையை ஒட்டிய பகுதியே ஆழம் கூடியது. அங்கே மதகு இருக்கும். கரையின் ஓரத்தில் மிகுநீர் வழிய விட்ட தாழ்வான கட்டுமானம் கலங்கல். கரைக்கு எதிர்ப்பக்கம் நிலம் மெல்ல மேடேறி நீர்ப்பிடிப்பு வெளியாகப் பரந்துவிடும். இதனால் ஏரி வற்றுவதும் ஒரே சீராக நிகழ்வதில்லை. மேட்டுப் பக்கம் முதலில் காயும். மதகுப் பக்கம் கடைசிவரை ஈரம் நிற்கும். மேலே பாளம் பாளமாக வெடித்த மண் காய்ந்ததுபோல் தெரியும். கால் வைத்தால் பாளத்தின் கீழே சேறு. வெடிப்புகள் அகலமாகவும் ஓரங்கள் மேலே சுருண்டும் இருந்தால் தரை தாங்கும். வெடிப்பு நூலளவாகவும் மண் கறுத்தும் இருந்தால் தாங்காது. கையிலுள்ள குச்சி ஒரு சாண் ஆழத்துக்கு எளிதில் இறங்கினால் அந்தத் திசையைக் கைவிட வேண்டும்.

சேற்றைவிட மோசமானது சவுடு எடுத்த குழி. வண்டல் மண்ணும் சவுடும் எடுக்கப்பட்ட ஏரிகளில் ஆளுயரத்துக்கு மேல் ஆழமுள்ள குழிகள் உண்டு. அவற்றின் ஓரம் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கும், காய்ந்த மண் விளிம்பில் உதிரும். கோடையில் அவை பள்ளம். முதல் மழைக்குப் பின் அதே குழிகள் கலங்கிய நீருக்குக் கீழே மறைந்துவிடும். மேலோட்டமாக முழங்கால் ஆழமாகத் தெரியும் நீரில் திடீரென்று ஆளை மூழ்கடிப்பவை இவைதான். நீச்சல் தெரிந்தவரும் செங்குத்து ஓரத்தில் பிடிப்பின்றிச் சறுக்குவார். ஏரிக்குள் நீர் தேங்கி நிற்கும் எந்தப் புள்ளிக்கும் நடந்து போகக் கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது.

மழைக்காலத்தில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாற்றின் இரு கரைகளிலும் என்ன நடந்தது என்பதைச் சென்னை மறக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை போக்குக் கால்வாய்கள், தரைப்பாலங்கள், கலங்கல் ஓடைகள் ஆகியவற்றைக் கடக்கும் பாதையைத் திட்டத்திலேயே சேர்க்கக் கூடாது. காலையில் காலால் தாண்டிய ஓடை மாலையில் இடுப்பளவு ஓடக்கூடும்.

திரும்பும் எண்ணை முன்பே குறித்தல்

வெயிலில் எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருப்பதில்லை. தாகம், களைப்பு, பெட்டி இன்னும் 400 மீட்டரில் இருக்கிறது என்ற ஆசை, கூட வந்தவரிடம் முடியவில்லை என்று சொல்லத் தயக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே எப்போது பாதையை மாற்றுவது என்பதை முந்தின நாள் இரவே, குளிர்ந்த தலையோடு, எண்ணாக எழுதிவைக்க வேண்டும். நேரத்துக்கு ஓர் எண், தண்ணீருக்கு ஓர் எண், தூரத்துக்கு ஓர் எண்.

நேரம்: அக்னி நட்சத்திரம் என்று சொல்லப்படும் மே 4 முதல் 28 வரையிலான நாள்களில் வெட்டவெளியிலிருந்து வெளியேறும் நேரம் காலை 9.30. அந்த நேரத்தில் பெட்டி கண்ணுக்குத் தெரிந்தாலொழிய, எந்த இடத்தில் நின்றாலும் திரும்ப வேண்டும். தண்ணீர்: வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தேவை, அரைநாளுக்கு ஆளுக்கு 4 லிட்டர் எடுத்துக்கொள்ளலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. 4 லிட்டரில் ஒன்றேகால் லிட்டர் தீர்ந்தும் புள்ளியை எட்டவில்லை என்றால் அன்றைய பயணம் அங்கே முடிந்தது. தூரம்: நேர்கோட்டுத் தூரத்தைப்போல் இரண்டரை மடங்கு நடந்தும் சேரவில்லை என்றால் தேர்ந்தெடுத்த பாதை தவறு, இன்னும் கொஞ்சம் என்று அதையே நீட்டுவதில் பொருளில்லை.

இந்தப் பகுதியில் நான்காவது எண் ஒன்றும் வேண்டும்: தூங்கிய நேரம். நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகப் பயணத்துக்குப் புறப்படுவது இளைஞர்களிடையே சாதாரணம். உறக்கமில்லாத உடல் வெயிலைத் தாங்கும் திறன் குறைவு, வண்டி ஓட்டும் கவனமும் குறைவு. வார விடுமுறைக்கு முந்தின இரவு ஆறு மணி நேரமாவது தூங்காதவரை அழைத்துச் செல்லக் கூடாது.

மாதிரி நாள்: தண்டலம், பிள்ளைப்பாக்கம், வல்லக்கோட்டை

நான்கு பேர் கொண்ட குழு ஒன்று மே மாத ஞாயிற்றுக்கிழமை, தண்டலத்தில் விடியலுக்குச் சற்று முன் 5.30க்கு இரண்டு வண்டிகளில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். முதல் புள்ளி பிள்ளைப்பாக்கம் ஏரிக்கு மறுகரையில் உள்ள புறம்போக்கு மேடு, இரண்டாவது ஒரகடம் பக்கம். முதல் புள்ளிக்கு வண்டி நிற்கும் இடத்திலிருந்து அம்பு காட்டும் தூரம் 1.2 கிலோமீட்டர். செயற்கைக்கோள் படத்தில் ஏரி முழுக்கக் காய்ந்த பழுப்பு. படம் எந்த மாதம் எடுத்தது என்று பார்த்தால் போன ஆண்டினது. ஏரியின் இன்றைய நிலை அதிலிருந்து தெரியாது.

ஆகவே ஏரிக்குள் இறங்கும் முன் கரைமேல் ஏறி ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். மாடு மேய்ப்பவர் இருந்தால் அவரைக் கேட்பது எந்தக் கருவியையும்விட நல்லது. “அண்ணா, அந்தப் பக்கம் மேட்டுக்கு நடந்து போகலாமா? நடுவுல குழி ஏதும் இருக்கா?” என்று நேராகக் கேட்டால், எந்தத் தடத்தில் மாடு போகிறதோ அந்தத் தடத்தைக் காட்டுவார். மாடு நடக்கும் தடத்தில் சேறும் குழியும் இருக்காது. எதற்காகப் போகிறீர்கள் என்று அவர் கேட்பார். மறைக்காமல் சொல்வதே மரியாதை. பெட்டி விளையாட்டு என்றால் முதலில் சிரிப்பார், பிறகு அவரே கூட வந்து தேடவும் கூடும்.

படுகையில் கால்வாசி தூரம் போனதும் தரை கறுத்து, குச்சி இறங்குகிறது என்றால் இரண்டு தேர்வுகள் உள்ளன. ஒன்று, கரைக்குத் திரும்பி, கரைமேலேயே சுற்றிப் போவது, 1.2 கிலோமீட்டர் அப்போது 3 கிலோமீட்டராகும். மற்றது, முதல் புள்ளியை விட்டுவிடுவது. மணி 7 ஆகவில்லை, தண்ணீர் நிறைய இருக்கிறது என்றால் கரைவழி சரி. 7 தாண்டிவிட்டால் விட்டுவிடுவதுதான் சரி. போக ஒரு மணி நேரம், தேட அரை மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் என்ற கணக்கு 9.30ஐத் தாண்டிவிடுகிறது. இந்தக் கூட்டலைப் படுகையில் நின்றபடி விவாதிக்காமல், எழுதிவைத்த சீட்டை எடுத்துப் பார்ப்பதே போதும். குழுவைப் பிரித்து, இருவர் கரைவழியும் இருவர் படுகைவழியும் போவது மட்டும் எந்நிலையிலும் கூடாது.

பாதை மாறும் நாளில் போய்ச் சேருவதற்கு ஓர் ஒதுங்கிடம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நிழல், குடிநீர், பேருந்து, ஆள் நடமாட்டம் நான்கும் உள்ள இடமே ஒதுங்கிடம். இந்தப் பாதையில் வல்லக்கோட்டை முருகன் கோயில் அதற்கு ஏற்றது. ஒரகடத்தை ஒட்டியிருப்பதால், முதல் புள்ளியை விட்ட குழு அங்கே போய் மோர் குடித்து இளைப்பாறி, வெயில் தாழ்ந்தபின் இரண்டாவது புள்ளியைப் பார்க்கலாம். வடக்கே திரும்ப வேண்டிவந்தால் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வட்டாரம் உண்டு. கிழக்கே போனால் மணிமங்கலம். பல்லவர் செப்பேடுகள் சாளுக்கியரோடு போர் நடந்ததாகக் கூறும் ஊர் அது. இரண்டாம் புலிகேசியின் படையை முதலாம் நரசிம்மவர்மன் எதிர்கொண்ட களங்களில் ஒன்று. பெட்டி கிடைக்காத நாளில் அந்த ஊர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு வருவது எந்தப் பெட்டிக்கும் குறைந்ததல்ல.

உடலும் விஷக்கடியும்

வெயில் தாக்கத்தின் அடையாளம் மயக்கம் மட்டுமல்ல, பேச்சு குறைவதும்தான். வழக்கமாகப் பேசுபவர் மௌனமாகி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் உடனே நிழலுக்கு அழைத்துச் சென்று, உடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு குழம்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. 108க்கு அழைக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்து தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு மட்டும் இருந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசல் போதும்: ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியின் விளிம்போடு தட்டிய அளவு. உப்பு இதைவிடக் கூடக் கூடாது. நீர்மோர், இளநீர் நல்லவை. குளிர்பானம் தாகத்தைத் தணிக்காது.

சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பை ஊடுருவும், வண்டி டயரையும் துளைக்கும். கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூவும் பஞ்சர் ஒட்டும் சாமானும் தேவை. கல்லடி, மரப்பொந்து, உடைந்த மதகின் இடுக்கு என்று பெட்டி ஒளிக்க ஏற்ற இடம் எல்லாம் தேளுக்கும் பாம்புக்கும் ஏற்ற இடமே. கையை விடும் முன் குச்சியை விட வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் தமிழ்நாட்டில் உள்ளவை. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே முதலுதவி. நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருவதில் பெரும் பங்கு இதே வட்டாரத்து இருளர்களுடையது. 1978இல் தொடங்கிய அவர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது.

கைப்பேசியும் வெயிலில் படுத்துவிடும். நேர்வெயிலில் அது தானாகவே திரையை மங்கச்செய்து, பிறகு அணைந்துபோகும். ஈரத்துணி சுற்றிய பையில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுக்க வேண்டும். வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைக்க வேண்டும். எண்களையும் ஒதுங்கிடங்களையும் ஒரு தாளிலும் எழுதிக்கொள்வது நல்லது. வெளிநாட்டுக் கையேடுகள் பாலைவனப் பயணத்துக்குச் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பரிந்துரைக்கும். இந்தியாவில் அரசு அனுமதியின்றி அத்தகைய தொலைபேசியோ செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியோ வைத்திருப்பது குற்றம். வெறும் ஜிபிஎஸ் கருவிக்கு அந்தத் தடை இல்லை.

நிலம் யாருடையது

பாதை மாறும்போது கூடவே மாறுவது நிலத்தின் உடைமை. திட்டமிட்ட பாதைக்கு அனுமதி வாங்கியவர்கள் மாற்றுப் பாதையில் அடுத்தவர் பட்டா நிலத்தில் நிற்பது அடிக்கடி நடக்கும். தமிழக அரசின் நிலப்பதிவு இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்தால் அது அரசு நிலமா, தனியார் நிலமா என்று பார்க்கலாம். மாற்றுப் பாதைகளுக்கும் சேர்த்தே இதை முன்கூட்டிப் பார்த்துவைக்க வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை வளாகங்களில் காலியாகக் கிடக்கும் மனைகளும் யாருக்கேனும் ஒதுக்கப்பட்டவையாக இருக்கலாம். வேலி இல்லை என்பதால் அது பொது இடம் ஆகிவிடாது. காவலாளி வந்து கேட்டால் வாதாடாமல், திரையைக் காட்டி விளக்கி, போகச் சொன்னால் போய்விட வேண்டும்.

பெட்டி வைப்பவருக்கு இன்னும் கண்டிப்பு தேவை. யாருமில்லாத இடத்தில் மூடிய டப்பா கிடந்தால் வெடிகுண்டோ என்ற அச்சம் எந்த ஊரிலும் எழும். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு ஜியோகேச்சிங் பெட்டி சந்தேகத்தின்பேரில் வெடிக்கவைத்து அழிக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் அந்த அச்சத்துக்கு உண்மையான காரணம் உண்டு. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட மண் இது. நினைவிடம், ஆலை மதில், பேருந்து நிறுத்தம், மேம்பாலத்தின் அடி, ஏரி மதகு ஆகிய எதன் அருகிலும் பெட்டி வைக்கக் கூடாது. வைக்கும் இடத்தில் ஒளிபுகும் டப்பாவே வேண்டும். மேலே தமிழில் இது என்ன விளையாட்டு என்று எழுதியிருக்க வேண்டும். ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டித் தெரிவித்திருக்க வேண்டும்.

தோண்டிப் புதைப்பது விளையாட்டு விதிப்படியே தடை. இந்த மண்ணில் அதற்கு மற்றொரு காரணமும் இருக்கிறது. ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022இல் அகழாய்வு நடத்திக் கற்கருவிகளைக் கண்டெடுத்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் பல பாதுகாக்கப்பட்டவை. புவியியலார் ஸ்ரீபெரும்புதூர் படிவு என்றே பெயரிட்ட பாறையில் கிரெட்டேசியக் காலத் தாவரப் புதைபடிவங்கள் உள்ளன. இத்தகைய இடங்களுக்குப் பெட்டியே இல்லாத எர்த்கேச் வகை பொருத்தமானது. 2004இல் அறிமுகமான இந்த வகையில் தேடுபவர் குறித்த இடத்துக்குப் போய்ப் பாறையைப் பார்த்து, கேட்ட கேள்விகளுக்கு விடை அனுப்புவார். எதையும் எடுக்கவோ வைக்கவோ வேண்டியதில்லை.

சாலையோரமும் வேண்டாம். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ‘வேற்றுக்கிரகவாசி நெடுஞ்சாலை’ என்று பெயர் பெற்ற 375ஆம் எண் சாலையோரம் 2010இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் என்பது விதி. அந்த இடைவெளியில் வண்டிகள் நின்று நின்று போனதால் விபத்து அபாயம் என்று நெடுஞ்சாலைத் துறை ஆட்சேபித்தது. 2011இல் அந்த வரிசை முழுவதும் நீக்கப்பட்டது. ஆள் நடமாட்டம் குறைந்த அந்தச் சாலைக்கே அந்த நிலை என்றால், கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

தேரி மணலில்

ஒரகடம் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் தென்மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவர்களுக்கு உண்மையான மணல்வெளி ஒன்று அருகிலேயே இருக்கிறது: திருச்செந்தூர், சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு. இரும்பு ஆக்சைடு பூசிய சிவப்பு மணல். தென்மேற்குப் பருவக்காற்று குவித்த மேடுகள். குதிரைமொழித் தேரி இவற்றில் பெரியது.

ஏரிப் படுகைக்கும் தேரிக்கும் பாதை மாறும் காரணம் வேறு. ஏரியில் தரை அப்படியே இருக்க, நீர் வந்து போகிறது. தேரியில் தரையே நகர்கிறது. ஆடி மாதக் காற்றில் காலடித் தடம் சில நிமிடங்களில் அழிந்துவிடும்; வந்த தடத்தைப் பார்த்துத் திரும்பலாம் என்று நினைக்கக் கூடாது. புறப்பட்ட இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு, பனை வரிசையையோ கோயிலையோ அடையாளமாக முதுகுக்குப் பின்னே வைத்து நடக்க வேண்டும். மணலில் நடை வேகம் பாதியாகக் குறையும், ஆகவே நடக்கும் நேரத்தையும் தண்ணீரையும் இரட்டிப்பாகக் கணக்கிட வேண்டும். மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. ஒதுங்கிடங்கள் அங்கும் உண்டு: மேலப்புதுக்குடியில் சுனையோடு கூடிய அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகை மாதக் கடைசியில் கள்ளர்வெட்டுத் திருவிழா நாளில் கற்குவேல் அய்யனார் தேரி மக்கள் வெள்ளமாக இருக்கும். அன்று பெட்டி தேடுவதை விட்டுவிட்டுத் திருவிழா பார்க்கலாம்.

தேரி மணலின் மேற்பரப்பில் நுண்கற்கருவிகள் கிடக்கும். அவற்றைப் பற்றி சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் விரிவாக எழுதினார்கள். விரல்நக அளவுள்ள அந்தக் கற்சில்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பார்த்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும், பெட்டிக்குள் மாற்றுப் பொருளாகப் போடவே கூடாது. தேரியின் பெரும்பகுதி வனத்துறை வசம் உள்ளது. நுழைவதற்கு முன் உள்ளூர் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவு எழுதுதல்

பெட்டி கிடைக்காமல் திரும்பினாலும் அதைப் பதிவிட வேண்டும். பலரும் கிடைத்ததை மட்டுமே எழுதுகிறார்கள். அடுத்து வருபவருக்குக் கிடைக்காத பயணத்தின் பதிவே கூடுதல் உதவி. எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து போனது, எவ்வளவு தூரத்தில் திரும்பியது, தடுத்தது எது என்று நான்கு வரி போதும். “மே 12, காலை 7.10. வடக்குக் கரையிலிருந்து 300 மீட்டர் உள்ளே. தரை ஈரம், வலப்பக்கம் சவுடு குழி. கரைவழி 3 கி.மீ., போகவில்லை” என்ற அளவில். பெட்டியின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் குறிப்பு மட்டும் அதில் வரக் கூடாது. ஒரே பெட்டிக்கு இப்படி இரண்டு, மூன்று பதிவுகள் அடுத்தடுத்து வந்தால், வைத்தவர் நேரில் போய்ப் பார்த்து, பெட்டி இல்லையென்றால் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஏரி நிரம்பும் மாதங்களில் அதைத் தற்காலிகமாக முடக்கிவைத்து, தை பிறந்து தண்ணீர் வடிந்தபின் மீண்டும் திறக்கலாம்.